கேமுக்கும் படத்துக்கும் ஒரே திரை: தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டில் ஒரே திரையில் கேமும் ஆட வேண்டும், படமும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், இவ்விரண்டும் திரையிடம் வெவ்வேறு திறமைகளை எதிர்பார்க்கின்றன என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். படத்துக்கு வேண்டியது ஆழ்ந்த கறுப்பும், ஒளிப்பதிவாளர் முடிவு செய்த நிறம் மாறாமல் வருவதும். கேமுக்கு வேண்டியது வேகம்: பொத்தானை அழுத்தியதும் அதன் விளைவு திரையில் தெரிய வேண்டும், விரைந்து நகரும் காட்சி கலங்காமல் இருக்க வேண்டும். முன்பெல்லாம் படத்துக்கு டிவி, கேமுக்கு மானிட்டர் என்று எளிதாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் வெளிவந்து, 4கே தெளிவில் விநாடிக்கு 120 ஃப்ரேம் வரை அனுப்பும் கருவிகள் வரவேற்பறைக்குள் நுழைந்த பிறகு, டிவி தயாரிப்பாளர்களும் வேகத்தில் அக்கறை காட்டத் தொடங்கினார்கள். அதனால் இன்று ஒரே திரையால் இரண்டு வேலையையும் நன்றாகச் செய்ய முடியும். ஆனால் உங்களுக்கு ஏற்ற திரை எது என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களை வைத்து முடிவு செய்ய முடியாது. அறையில் விழும் வெளிச்சம், நீங்கள் உட்காரும் தூரம், எதில் அதிக நேரம் செலவிடுகிறீர்கள் என்ற கணக்கு ஆகிய மூன்றையும் வைத்தே முடிவுக்கு வர வேண்டும்.

அறையை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்

நீங்கள் உட்காரும்போது கண் இருக்கும் இடத்திலிருந்து திரை நிற்கப்போகும் இடம் வரை நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள். 16:9 வடிவத் திரையின் மூலைவிட்ட நீளத்தை 1.2 ஆல் பெருக்கி வரும் தூரத்தில் அமர்ந்தால், திரை உங்கள் பார்வையில் சுமார் 40 பாகை அகலத்தை நிரப்பும்; 1.6 ஆல் பெருக்கினால் சுமார் 30 பாகை. படத்தில் ஆழ்ந்துபோக விரும்புகிறவர்களுக்கு முதல் கணக்கு பொருந்தும். செய்தி, விளையாட்டு ஒளிபரப்பு என எல்லாவற்றையும் அதே திரையில் பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது கணக்கு போதும். 55 அங்குலத் திரையின் மூலைவிட்டம் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் என்பதால் அதற்குரிய தூரம் 1.7 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர் வரை. 65 அங்குலத்துக்கு 2 மீட்டரிலிருந்து 2.6 மீட்டர் வரை.

இந்தத் தூரத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகைக்குள் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். அகலவாக்கில் 1920 பிக்சல்கள் (புள்ளிகள்) கொண்ட 1080பி திரை 30 பாகையை நிரப்பும்போதே ஒரு பாகைக்கு 64 பிக்சல் வந்துவிடுகிறது. எனவே மூலைவிட்டத்தைப் போல 1.6 மடங்குக்கு அப்பால் உட்கார்ந்தால், 4கே தரும் கூடுதல் நுணுக்கத்தில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாமலே போய்விடும். இருக்கையை அரை மீட்டர் முன்னால் நகர்த்துவதற்குச் செலவு எதுவும் இல்லை. பல நேரங்களில் விலை கூடிய திரையை வாங்குவதைவிட அது அதிகப் பயன் தரும்.

மேசையில் வைத்து, 60 முதல் 80 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே 27 அங்குலத்தில் 1440பி மானிட்டர் நல்ல சமநிலை. 32 அங்குலம் என்றால் 4கே தேவைப்படும். ஆனால் 1440பி திரையில் ஏறத்தாழ 37 லட்சம் பிக்சல்களும் 4கே திரையில் 83 லட்சம் பிக்சல்களும் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு இரண்டேகால் மடங்கு உழைக்க வேண்டும். பழைய கார்டை வைத்துக்கொண்டு 4கே மானிட்டர் வாங்கினால், படம் அழகாகத் தெரியும், கேம் திணறும்.

அடுத்து வெளிச்சம். பகலில் திரைச்சீலையை இழுத்துவிட முடியுமா, திரைக்கு எதிரே ஜன்னலோ விளக்கோ இருக்கிறதா, நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இரவிலா என்ற கேள்விகளுக்கான விடையே அடுத்த பகுதியைத் தீர்மானிக்கிறது.

கறுப்பு எவ்வளவு கறுப்பு

ஒரு திரையின் தரத்தை ஒரே ஒரு பண்பை வைத்து மதிப்பிடச் சொன்னால் நான் கான்ட்ராஸ்ட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். திரை காட்டும் மிகப் பிரகாசமான வெள்ளைக்கும் மிக இருண்ட கறுப்புக்கும் இடையிலான விகிதம் அது. எல்சிடி திரையில் பின்னால் எப்போதும் பேக்லைட் எரிந்துகொண்டிருக்கிறது. கறுப்பைக் காட்ட வேண்டிய இடத்தில் திரவப் படிகங்கள் அந்த ஒளியை அடைக்கின்றன, ஆனால் முழுவதுமாக அடைக்க முடிவதில்லை. எல்சிடியில் ஐபிஎஸ் என்ற வகைப் பேனலில் இந்த விகிதம் பொதுவாக 1000:1 அளவிலும், விஏ என்ற மற்றொரு வகைப் பேனலில் 3000:1 அல்லது அதற்கு மேலும் இருக்கும். விளக்கு போட்ட அறையில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு 2.39:1 வடிவத்தில் எடுக்கப்பட்ட படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 16:9 திரையின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளாகவே நிற்கும். ஐபிஎஸ் திரையில் அந்தப் பட்டைகள் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒளிர்வதையும், மூலைகளில் வெளிச்சம் கசிவதையும் படம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க நேரும். விஏ திரையில் அது பெருமளவு குறையும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நிறம் வெளிறும். மேலும், இருண்ட நிறங்களுக்கிடையே விஏ பிக்சல்கள் மெதுவாக மாறுவதால், இருட்டான கேம் காட்சியில் கேமராவைத் திருப்பும்போது நிழல்கள் கரி பூசியதைப் போல இழுபடும்.

இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் லோக்கல் டிம்மிங். பேக்லைட்டைப் பல மண்டலங்களாகப் பிரித்து, இருண்ட பகுதிக்குப் பின்னால் இருக்கும் விளக்குகளை மட்டும் மங்கச் செய்வார்கள். மினி எல்இடி திரைகளில் மிகச் சிறிய விளக்குகள் பயன்படுவதால், மண்டலங்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை செல்கிறது. இருந்தாலும் 83 லட்சம் பிக்சல்களை ஆயிரம் மண்டலங்களாகப் பிரித்தால், ஒரு மண்டலத்துக்கு எட்டாயிரத்துக்கும் அதிகமான பிக்சல்கள் வருகின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சப்டைட்டில் வரும்போது எழுத்துகளைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒரு வெளிச்சம் படர்வதற்கு இதுவே காரணம். மண்டலங்கள் எத்தனை, அவற்றைக் கட்டுப்படுத்தும் செயலி எவ்வளவு திறமையானது என்பதைப் பொறுத்து இந்தக் குறை கூடும், குறையும். சில டிவிகளில், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடுக்கு மாறியதும் லோக்கல் டிம்மிங்கின் தரம் இறங்கிவிடும் என்பதால், விமர்சனங்களைப் படிக்கும்போது இந்த ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

ஓஎல்இடியில் பேக்லைட்டே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, கறுப்பு வேண்டுமானால் அணைந்துவிடுகிறது. இருண்ட அறையில் படம் பார்க்க இதற்கு ஈடு இல்லை என்பது என் உறுதியான கருத்து. விண்மீன்கள் நிறைந்த இரவுக் காட்சியில் ஒவ்வொரு விண்மீனும் தனித்தனிப் புள்ளியாக நிற்கும். அவற்றுக்கிடையே உள்ள இடம் அறையின் இருட்டோடு கலந்துவிடும். அதோடு, பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் ஒரு மில்லிவிநாடியின் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் கேமுக்கும் இது மிகப் பொருத்தமானது. ஆனால் பகல் வெளிச்சம் கொட்டும் அறையில் ஓஎல்இடியின் பலம் வீணாகிறது. திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும் காட்சியில் அதன் பிரகாசம் நல்ல மினி எல்இடியை எட்டுவதில்லை. 2022-இல் சந்தைக்கு வந்த கியூடி-ஓஎல்இடி வகை நிறங்களை மிகச் செறிவாகக் காட்டினாலும், வெளிச்சம் நேரடியாக அதன்மேல் விழும்போது கறுப்பு இலேசாகச் சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும்.

பர்ன்-இன் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓஎல்இடி பிக்சல்கள் ஒளிர ஒளிரத் தேய்கின்றன. ஒரே இடத்தில் ஒரே உருவம் நீண்ட காலம் நின்றால் அங்கே மட்டும் தேய்மானம் கூடி, நிழல் போன்ற தடம் நிலைத்துவிடும். செய்திச் சேனலின் அடிக்குறிப்புப் பட்டை, கேமில் மூலையில் நிற்கும் வரைபடம், கணினியின் டாஸ்க்பார் ஆகியவை இதற்குக் காரணமாகும். பலவகை நிகழ்ச்சிகளையும் கேம்களையும் கலந்து பார்க்கிறவர்கள் இதற்காகப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. திரையை அணைத்த பிறகு சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடாதீர்கள். பேனலைச் சமன்செய்யும் வேலையைத் திரை ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் செய்கிறது. ஆனால் நாள்தோறும் பல மணி நேரம் ஒரே கேமை ஆடுகிறவர்களும், அதே திரையில் பகல் முழுக்க அலுவலக வேலை செய்கிறவர்களும் மினி எல்இடியை எடுத்துக்கொள்வதே நல்லது.

120 என்ற எண்

திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்லும் ரெஃப்ரெஷ் ரேட், கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. படம் பார்க்கிறவர்களுக்கும் அது முக்கியம். திரைப்படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் எடுக்கப்படுகின்றன. 60 ஹெர்ட்ஸ் திரையில் 60-ஐ 24 ஆல் மீதமின்றி வகுக்க முடியாது. அதனால் ஒரு ஃப்ரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா ஒரு நிலப்பரப்பின் குறுக்கே மெல்ல நகரும் காட்சியில் படம் தட்டுத்தடுமாறிச் செல்வதைப் போலத் தோன்றுவது இதனால்தான். சில டிவிகள் இந்தத் தாள வேறுபாட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்கின்றன. கணினியுடன் இணைத்த 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது அப்படியே நிற்கும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக ஐந்து முறை காட்டப்படுவதால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. மானிட்டர் வைத்திருப்பவர்கள் 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் ஆகியவையும் 24 ஆல் வகுபடும், 165 வகுபடாது என்பதைக் கவனித்து, படம் பார்க்கும்போது கணினியின் அமைப்பில் 120 அல்லது 144-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேமில் இதே எண்ணின் பயன் நேரடியானது. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் திரையில் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது. 120-இல் அது 8.3 ஆகக் குறைகிறது. காட்சி தெளிவடைவதோடு, உங்கள் கை அசைவுக்குக் கிடைக்கும் பதிலும் விரைவாகிறது. 120-ஐ 40 ஆல் மீதமின்றி வகுக்க முடியும் என்பதால், சில கன்சோல் கேம்கள் 120 ஹெர்ட்ஸ் திரைகளுக்கென்றே விநாடிக்கு 40 ஃப்ரேம் ஓடும் அமைப்பை வைத்திருக்கின்றன. காட்சியின் தரமும் குறையாமல், 30 ஃப்ரேமைவிடச் சீராகவும் ஓடும் நல்ல நடுவழி அது. இரண்டு வேலைக்கும் ஒரே திரை தேடுகிறவர்கள், பேனலின் உண்மையான ரெஃப்ரெஷ் ரேட் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்: மோஷன் ரேட் போன்ற பெயர்களில் விளம்பரம் செய்யப்படும் 240, 480 எல்லாம் பேனலின் வேகம் அல்ல.

ரெஸ்பான்ஸ் டைமையும் இன்புட் லேகையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெட்டியில் 1 மில்லிவிநாடி என்று போட்டிருப்பது ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்; அதுவும் மிகச் சாதகமான சூழலில் அளந்தது. நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் மாற்றம் தெரிவதற்கும் இடையே திரை சேர்க்கும் தாமதமே இன்புட் லேக். அதைப் பெட்டியில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. அளந்து வெளியிடும் விமர்சனங்களில்தான் கிடைக்கும். டிவி படத்துக்கான மோடில் இருக்கும்போது நடக்கும் மெருகேற்றும் வேலைகளால் இந்தத் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தாண்டக்கூடும். அதாவது 60 ஹெர்ட்ஸில் ஆறு ஃப்ரேம் கடந்த பிறகுதான் உங்கள் கதாபாத்திரம் குதிக்கும். கேம் மோடில் நல்ல டிவிகள் இதை 20 மில்லிவிநாடிக்கும் கீழே கொண்டுவந்துவிடுகின்றன. கன்சோலை இயக்கியதும் டிவி தானாகவே இந்த மோடுக்கு மாறும் வசதிக்கு ஏஎல்எல்எம் என்று பெயர்.

விஆர்ஆர் வசதியும் இருக்க வேண்டும். கேம் ஓடும் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் அதனோடு சேர்ந்து தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால், படம் நடுவில் கிழிந்ததைப் போலத் தெரியும் குறை மறையும். என்விடியாவின் ஜி-சிங்க் 2013-லும் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் 2015-லும் மானிட்டர்களுக்கு இதைக் கொண்டுவந்தன; கன்சோலை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ முறையின் 2.1 பதிப்பு அதை டிவிக்குக் கொண்டுவந்தது.

இணைப்புத் துளைகளைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை. 2017-இல் அறிவிக்கப்பட்ட எச்டிஎம்ஐ 2.1 விநாடிக்கு 48 கிகாபிட் வரை கடத்தும், முந்தைய 2.0 கடத்துவது 18 கிகாபிட், அதாவது 4கே தெளிவில் 60 ஹெர்ட்ஸ். ஆனால் 2.1-இன் புதிய வசதிகள் எல்லாம் விருப்பத்துக்கு உட்பட்டவை. அவற்றில் பலவும் இல்லாத கருவிகூடப் பெட்டியில் 2.1 என்று எழுதிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. எனவே பதிப்பு எண்ணைப் பார்க்காமல், 4கே 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர், ஏஎல்எல்எம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பல டிவிகளில் நான்கு துளைகளில் இரண்டு மட்டுமே 120 ஹெர்ட்ஸை ஏற்கும். அவற்றில் ஒன்று சவுண்ட்பார் இணைக்கும் இஆர்க் துளையாகவும் இருக்கலாம். இரண்டு கன்சோலும் ஒரு சவுண்ட்பாரும் வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையான இடையூறு. கேபிள் அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற சான்று பெற்றதாக இருக்கட்டும்.

எச்டிஆர், அகலத் திரை, புரொஜெக்டர்

மிகப் பிரகாசமான பகுதியையும் மிக இருண்ட பகுதியையும் ஒரே காட்சியில் நுணுக்கம் கெடாமல் காட்டும் முறைக்கு எச்டிஆர் என்று பெயர். பெட்டியில் எச்டிஆர் என்று எழுதியிருந்தாலே எச்டிஆர் கிடைத்துவிடாது. அந்தச் சிக்னலை ஏற்பது வேறு, அதற்குரிய பிரகாசத்தையும் கறுப்பையும் காட்டுவது வேறு. மானிட்டர்களில் டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற முத்திரைக்கு லோக்கல் டிம்மிங் கட்டாயமில்லை. அதை நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். எல்சிடி என்றால் 1000 நிட் பிரகாசமும் ஏராளமான டிம்மிங் மண்டலங்களும், ஓஎல்இடி என்றால் ட்ரூ பிளாக் என்ற முத்திரையும் பாருங்கள். டால்பி விஷன், எச்டிஆர்10+ ஆகிய எச்டிஆர் வகைகளில் எது வேண்டும் என்பது நீங்கள் எங்கிருந்து படம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடிப்படை வகையான எச்டிஆர்10 எல்லா எச்டிஆர் திரையிலும் இருக்கும்.

21:9 அகல மானிட்டர்கள் கவர்ச்சியானவை. 2.39:1 படம் அதில் விளிம்பு முதல் விளிம்பு வரை நிறைய வேண்டும். ஆனால் பல ஸ்ட்ரீமிங் படங்களில் கறுப்புப் பட்டைகள் 16:9 சட்டத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால், நான்கு பக்கமும் கறுப்பு சூழ நடுவில் சிறிதாகப் படம் ஓடும் நிலை ஏற்படுகிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டும் 21:9 வடிவில் வெளியிடுவதும் இல்லை. கணினியில் மட்டுமே ஆடுகிறவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

புரொஜெக்டர் தரும் பிரம்மாண்டத்தை வேறு எதுவும் தருவதில்லை. ஆனால் அதன் கறுப்பு என்பது சுவரில் ஒளி விழாத நிலை மட்டுமே. அறையில் சிறு விளக்கு எரிந்தாலும் அது வெளிறிவிடும். அறையை முழுமையாக இருட்டாக்க முடிந்து, படமே முதன்மை என்றால் வாங்கலாம். வாங்குவதற்கு முன் இன்புட் லேகை விசாரியுங்கள். ஒற்றைச் சிப் டிஎல்பி வகையாக இருந்தால், கண்ணை வேகமாக அசைக்கும்போது வெள்ளை உருவங்களின் ஓரத்தில் வானவில் நிறங்கள் தெறிப்பது உங்களுக்குத் தெரிகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது தெரிவதே இல்லை, சிலரால் அதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். திரை முழுக்க ஒரே சாம்பல் நிறத்தை நிரப்பி, அழுக்குப் படிந்ததைப் போன்ற திட்டுகளோ செங்குத்துக் கோடுகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். மைதானத்தின் குறுக்கே கேமரா நகரும் கால்பந்து ஒளிபரப்பில் அந்தத் திட்டுகள் புல்வெளியின்மேல் தெளிவாகத் தெரியும். பிறகு விளக்கை அணைத்து, கறுப்பில் சப்டைட்டில் வரும் காட்சி ஒன்றையும், கேமில் ஓர் இருண்ட குகையையும் பார்த்துவிடுங்கள்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, பல டிவிகளில் 4கே 120 ஹெர்ட்ஸை ஏற்கும் துளையும் தொடக்கத்தில் அந்த வசதி அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. மெனுவில் அந்தத் துளைக்கான மேம்பட்ட சிக்னல் வடிவத்தை நீங்களே இயக்க வேண்டும். கன்சோல் இணைத்த துளைக்குக் கேம் மோடையும், படம் பார்க்கும் செயலிகளுக்கு ஃபிலிம்மேக்கர் மோடையும் வையுங்கள். யுஎச்டி அலையன்ஸ் 2019-இல் அறிவித்த இந்த மோட், ஃப்ரேம்களுக்கு இடையே செயற்கை ஃப்ரேம்களைச் செருகிப் படத்தை நாடகத் தொடர் போல வழுவழுப்பாக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. ஓஎல்இடியில் பிக்சல் உடனுக்குடன் மாறுவதால் 24 ஃப்ரேம் படத்தின் மெதுவான நகர்வுகளில் சிறு விட்டுவிட்ட தன்மை தெரியலாம். அது உறுத்தினால் மட்டும் இந்தச் செருகலை மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நிற வெப்பநிலையை வார்ம் பக்கம் மாற்றுங்கள். முதல் நாள் திரை மஞ்சளாகத் தோன்றும். கண் பழகுவதற்கு ஓரிரு நாள் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். கேம் மோடிலும் நிற வெப்பநிலையைத் தனியாக இதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், ஏனெனில் பெரும்பாலான டிவிகள் ஒவ்வொரு மோடின் அமைப்பையும் தனித்தனியாகவே சேமிக்கின்றன.